தொடைக்காதடா!

எங்கள் நாலு பேருக்கும் பெயின்ட்பால் பைத்தியம் பிடித்திருந்த காலம் ஒன்று உண்டு. ஆம்பூரில் ஒரே ஷூ ஃபேக்டரி, ஒரே ஃபினிஷிங் டேபிள். மாதம் ஒரு ஞாயிறு இரண்டு பைக்கில் பள்ளிகொண்டா தாண்டிப் போவோம். நெடுஞ்சாலை ஓரத்து மைதானத்தில், பழைய டயருக்கும் டிரம்முக்கும் பின்னால் ஒளிந்து, சாய உருண்டைகளால் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்வோம். "காசு குடுத்து அடி வாங்கினு வர்றதுங்க பாரு" என்று வீட்டில் திட்டு விழும்.

பிறகு ஒருவன் ராணிப்பேட்டைக்குப் போனான், ஒருவன் திருப்பத்தூரில் மொபைல் கடை வைத்தான், ஒருவன் துபாய்க்குப் பறந்தான். நான் மட்டும் அதே டேபிளில். துப்பாக்கியைத் தொட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது.

போன மாதம் என்ன தோன்றியதோ, எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன்: "ஞாயிறு காலைல பழைய கிரவுண்டு. யார்லாம் வர்றீங்க?" மூன்று நாள் எவனும் வாயைத் திறக்கவில்லை. நாலாம் நாள் ராணிப்பேட்டைக்காரன் "ட்ரை பண்றேன் மச்சான்" என்றான். திருப்பத்தூர்க்காரன் ஒரு கட்டைவிரலைக் காட்டினான். துபாய்க்காரன் "என்ஜாய்" என்று போட்டான். 'ட்ரை பண்றேன்' என்றால் என்ன அர்த்தம் என்று தெரியாத வயதா எனக்கு? தெரிந்துதான் போனேன். ஒருத்தனாவது வந்துவிட்டால் நாங்கள் இன்னும் தோஸ்துகள்தான் என்று நம்பிக்கொள்வேன், அவ்வளவுதான்.

பத்து மணிவரை கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ராணிப்பேட்டை என்ன டெல்லியா? போன் அடித்தால் எடுக்கவில்லை. கட்டைவிரல் காட்டியவனையும் காணோம். கடைசியில் ராணிப்பேட்டைக்காரனிடமிருந்து ஒரு மெசேஜ்: "மச்சினிச்சி வீட்ல விசேஷம்டா, சாரி." நேற்று ராத்திரியே தெரிந்திருக்காதா அந்த விசேஷம்? எரிச்சலில் போனைப் பாக்கெட்டில் திணித்தேன்.

விசில் மாட்டியிருந்த மைதானத்து ஆள், "தனியாவா சார் வந்தீங்க? தனியா ஆட முடியாதே" என்றார். காலேஜ் பசங்கள் கூட்டத்தில் ஓர் ஆள் குறைந்தது. அதில் என்னைச் சேர்த்துவிட்டார். "அங்கிள், நீங்க பின்னாடியே நின்னுக்கோங்க" என்றான் ஒருவன். அங்கிளாம்! பல்லைக் கடித்துக்கொண்டு டிரம்முக்குப் பின்னால் குந்தினேன். முட்டி கடக்கென்றது.

முதல் ஆட்டத்தில் எட்டிப் பார்த்ததும் தோளில் பட்டென்று ஒன்று விழுந்தது. மஞ்சள் சாயம். உருண்டை உடைந்து கறை பட்டால் அவுட். கையைத் தூக்கிக்கொண்டு வெளியே போக வேண்டும். நானோ கையைத் தூக்கவில்லை. அது தானாகத் தோளுக்குப் போய்ச் சரசரவென்று துடைத்துவிட்டது.

"அங்கிள் தொடைக்கிறாரு! ஏமாத்தறாரு!" என்று எதிர்ப்பக்கம் கத்தினார்கள். மைதானத்து ஆள் விசில் ஊதினார். இந்த ஆட்டத்தில் கறையைத் துடைப்பதைவிடக் கேவலம் வேறில்லை.

ஏமாற்றவில்லையப்பா! ஃபினிஷிங் டேபிளில் நிற்பவன் கை அது. ஷூவில் ஒரு சொட்டுப் பசையோ பாலிஷோ தெரிந்தால் காயும் முன்னே பனியன் துணியால் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் ரிஜெக்ட். நாலு பேருக்குமே அந்த வியாதி இருந்தது. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம்: ஒருத்தனுக்கு அடி விழுந்தால் மற்ற மூவரும், எதிரணியில் இருந்தாலும் சரி, "தொடைக்காதடா!" என்று தொண்டை கிழியக் கத்துவோம். பாதி ஆட்டம் அந்தச் சத்தத்திலேயே போகும், சிரித்துச் சிரித்து அடுத்த அடியையும் வாங்குவோம்.

இதை அந்தப் பசங்களிடம் எப்படிச் சொல்வது? "சாரிப்பா, பழக்க தோஷம்" என்றேன். "இன்னா பழக்கமோ" என்று ஒருவன் முணுமுணுத்தான். அவுட் ஆனவர்கள் உட்காரும் பெஞ்சில் தனியாக உட்கார்ந்தேன். அழுகை வந்தது, ஒளிப்பானேன்? நல்லவேளை, ஆட்டத்துக்கு மாட்டிய முகமூடியை இன்னும் கழற்றவில்லை.

போய்விடலாமென்று பார்த்தேன். கட்டிய காசுக்கு இன்னும் ஓர் ஆட்டம் பாக்கி இருந்தது. இறங்கினேன். இந்த முறை கொஞ்ச நேரம் தாக்குப் பிடித்து ஒருவனை அவுட்டும் ஆக்கினேன். அப்புறம் நெஞ்சில் விழுந்தது, நல்ல வலி. கை துடைக்கக் கிளம்பிவிட்டது.

"தொடைக்காதடா டேய்!"

கத்தியது நான்தான். முகமூடிக்குள் என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. கை பாதியில் நின்றது. அதை அப்படியே தலைக்கு மேல் தூக்கினேன்.

பக்கத்து டயருக்குப் பின்னால் இருந்த பையன் திரும்பிப் பார்த்தான். "யாரை அங்கிள் சொல்றீங்க? இங்க யாருமே தொடைக்கலையே."

"என்னைத்தாம்பா" என்றேன். "சொல்றதுக்கு வேற ஆள் இல்ல."