சோளகக் காற்றில் வறுத்த கோப்பி

மணற்காட்டுக் கடற்கரையில் விடிவதற்குச் சற்று முன்னர் ஒரு நிறம் வரும். அதனைச் சாம்பல் என்று சொல்வதா, நீலம் என்று சொல்வதா என இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. மணலும் கடலும் சவுக்கமரங்களும் அந்த வேளையில் ஒன்றிலிருந்து ஒன்று முற்றாகப் பிரிந்திருப்பதில்லை. யாரோ ஒருவர் பாதி நினைத்து விட்டுவிட்ட இடம்போல அது கிடக்கும். அப்படியான ஒரு வேளையில், மணலில் தோண்டிய குழியடுப்பின் முன் குந்தியிருந்து என் மனைவி கோப்பிக்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்கு எதிரே, கடற்பக்கமாக, புகைக்குள் நின்றேன். அவ்விடத்தில் நான் நின்றதன் காரணம் எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

முந்திய வருடம் வந்த ஒரு காய்ச்சல் அவளுடைய மூக்கின் அறிவைக் கொண்டுபோய்விட்டது. உப்பும் புளியும் கசப்பும் நாக்குக்குத் திரும்பின. மணம் திரும்பவில்லை. மல்லிகையும் மண்ணெண்ணெயும் அவளுக்கு ஒன்றாயின. எங்கள் ஊரான இணுவிலில் எங்கள் வீட்டுக் கோப்பிக்கு ஒரு பெயர் உண்டு. கொட்டையைத் தாச்சியில் பதம் பார்த்து வறுத்து, மல்லியும், காய்ந்த இஞ்சியான வேர்க்கொம்பும் அளவாய்ச் சேர்த்து இடிப்பாள். அந்தப் பதத்தை அவள் மூக்கினாலேயே அறிந்துவந்தவள். எனவே, “ஒருத்தருக்கும் சொல்லப்படாது. பிறகு எல்லாரும் பரிதாபம் சொல்ல வந்திருவினம்,” என்று என்னிடம் கண்டிப்பாகச் சொன்னாள். நானும் உடன்பட்டேன். ஒரு குடும்பத்தின் குறை அதன் படலைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது என் கொள்கை.

அதற்காக ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். அவள் வறுக்கும்போது நான் பத்திரிகையுடன் குசினி வாசலில் நிற்பேன். பதம் வந்ததும் ஒருமுறை செருமுவேன். உடனே அவள் தாச்சியை இறக்கிவிடுவாள். வீட்டு ஆண் செருமுவதை எங்கள் ஊரில் யாரும் பொருட்படுத்துவதில்லை. வந்துபோனவர்கள் கோப்பியைப் பாராட்டிச் சென்றார்கள். கல்லூரியில் படித்து, பாடசாலை அதிபர் பதவியிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் குசினி வாசலில் மூக்கை உயர்த்தி நிற்பதாக எவரும் சந்தேகிக்கவில்லை.

ஆடி மாதத்தில் கனடாவிலிருந்து அவளுடைய தம்பி மனைவியுடன் வந்தார். என் மைத்துனருக்குப் பிறந்த ஊரில் வீட்டுக்குள் உறங்கப் பிடிக்கவில்லை. மடித்துப் பைக்குள் வைக்கக்கூடிய கூடாரமும் சிறிய காஸ் அடுப்பும் கொண்டுவந்திருந்தார். மணற்காட்டில் ஓர் இரவு தங்க வேண்டும் என்றார்.

“அக்கா, விடிய எழும்பி நீங்கள் பச்சைக் கொட்டையை வறுத்து, அதிலையே கோப்பி போட்டுத் தரவேணும். நான் பிளேன் ஏறினதே உதுக்குத்தான்.”

“இடிச்ச தூள் கிடக்கடா. கொண்டுபோவம்.”

“தூள் கனடாவிலையும் கிடக்கு.”

அதற்கு மேல் மறுத்தால் காரணம் கேட்பார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் மெல்லத் தலையசைத்தேன்.

கரையோரக் கிணறுகளின் தண்ணீரில் ஓர் உவர்ச்சுவை உண்டு என்பதால் இணுவிலிலிருந்தே எங்கள் கிணற்று நீரைப் போத்தல்களில் கொண்டுசென்றோம். காஸ் அடுப்பின் நீலச் சுவாலையைச் சோளகக் காற்று ஒரே ஊதலில் அணைத்தது. மைத்துனர் மூன்று தரம் பற்றவைத்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டார். என் மனைவி முழங்கை ஆழத்துக்கு மணலைத் தோண்டி, அதற்குள் காய்ந்த சவுக்கந்தடிகளை அடுக்கி நெருப்பு மூட்டினாள். காற்று குழியின் மேலால் போய்க்கொண்டிருக்க, உள்ளே நெருப்பு அமைதியாக எரிந்தது. திறந்த வெளியில் கோப்பிக்கு வேண்டியது அந்த அமைதியே என்று அப்போது உணர்ந்தேன்.

சோளகம் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். மணம் முழுவதும் கடற்பக்கம் போய்விடும். ஆகவே மணத்தை அறிய நான் கடற்பக்கம் நிற்க நேர்ந்தது. புகையும் அதே வழியால் வந்தது. முதலில் ஈர வைக்கோல் மணத்தது. அது எங்கிருந்தோ என் சிறுவயது மாட்டுக்கொட்டிலைக் கொண்டுவந்து புகைக்குள் நிறுத்திற்று. பிறகு அது கலைந்து, பாண் வேகும் போறணையின் மணம் வரத் தொடங்கிய வேளையில், காய்ந்தவற்றோடு கலந்துவிட்ட பச்சைச் சவுக்கந்தடி ஒன்று சீறிப் புகைந்தது. நான் இருமிவிட்டேன்.

அவள் உடனே தாச்சியை இறக்கி மணலில் வைத்தாள்.

அரைவெளிச்சத்தில் நிறம் தெரியவில்லை. மைத்துனரின் மனைவி கைத்தொலைபேசி வெளிச்சத்தைத் தாச்சிக்கு மேல் பிடித்தார்.

“என்ன மச்சாள், இது இன்னும் பச்சையாயெல்லோ கிடக்கு?”

மைத்துனர் சிரித்தார். “அத்தான் இருமினார், அக்கா இறக்கிப்போட்டா. இதென்ன, பள்ளிக்கூட மணியோ?”

நான் நிமிர்ந்து நின்றேன். காற்றின் திசையைப் பற்றியும் விறகின் ஈரத்தைப் பற்றியும் ஒரு விளக்கம் என் நாவில் தயாராகவே இருந்தது. அதனைச் சொல்லியிருந்தால் அவர்கள் நம்பியிருப்பார்கள். ஆனால் அவள் முந்திக்கொண்டாள்.

“ஓமடா, மணிதான். எனக்கு ஒண்டும் மணக்கிறேல்லை. போன வருசக் காய்ச்சலோடை போட்டுது. இவர்தான் செருமிக் காட்டுறவர்.”

அலை ஒன்று வந்து திரும்பும் ஓசை கேட்டது. யாராவது பரிதாபம் சொல்லிவிடுவார்களோ என்று அவள் முகம் இறுகியிருந்ததை நெருப்பின் வெளிச்சத்தில் கண்டேன்.

மைத்துனர் எழுந்தார். குழியைச் சுற்றிப் புகைக்குள் வந்தார்.

“தள்ளுங்கோ அத்தான். இவ்வளவு காலமும் ஒரு மூக்கோடை கொம்பனி நடத்தியிருக்கிறியள். அக்கா, தாச்சியை ஏத்துங்கோ.”

அவர் மனைவியும் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தபடி வந்து நின்றார். தாச்சி மீண்டும் நெருப்பில் ஏறிற்று. மூவரும் புகைக்குள் நின்று, மணத்தைச் சொல்லாக்கி அவளுக்குக் கொடுக்கத் தொடங்கினோம்.

“கச்சான்கொட்டை வறுக்கிற மணம்,” என்றார் மைத்துனர்.

“இல்லை மச்சாள், சீனி கருகிற மாதிரி.”

“போறணை,” என்றேன் நான்.

“மூண்டு மூக்கும் மூண்டு கதை சொல்லுது,” என்றாள் அவள். அவளுடைய அகப்பை நிற்காமல் சுழன்றுகொண்டிருந்தது. “இஞ்சேருங்கோ, நீங்கள் மேடையில ஏறினால் ஒரு மணித்தியாலம் கதைப்பியள். இதுக்கு ஒரு சொல்லுத்தானோ?”

மற்றவர்கள் முன்னிலையில் அவள் என்னைப் பகிடி பண்ணியது அதுவே முதல் தடவை. நான் கண்ணை மூடினேன். ஈரச் சாக்கு, வெயிலில் காய்ந்த புகையிலை, மழைக்கு முந்திய செம்மண் என்று, தோன்றியதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல, அந்தப் பொருள்கள் மணலின்மேல் வந்து எங்களைச் சுற்றி நிற்பது போலிருந்தது. அவளும் அவற்றைப் பார்ப்பவள்போலத் தலையைச் சாய்த்திருந்தாள். எவ்வளவு நேரம் அப்படிச் சென்றதென்று தெரியவில்லை. கிழக்கே கடலுக்கு ஒரு விளிம்பு முளைத்திருந்தது. நாங்கள் மூவரும் எங்கள் சொற்களிலேயே மயங்கிப்போய், நெருப்பை மறந்துவிட்டோம்.

“சரி, காணும்!” என்று அவளே தாச்சியை இறக்கினாள். கொட்டைகள் வெடித்து ஓய்ந்திருந்தன.

மல்லியையும் வேர்க்கொம்பையும் சூட்டோடு பிரட்டி, கொண்டுவந்த சிறிய இரும்பு உரலில் இடித்தாள். கேத்திலில் தண்ணீர் கொதித்ததும் தூளைப் போட்டு மூடி, நெருப்பிலிருந்து அகற்றி வைத்தாள். சிறிது பச்சைத் தண்ணீரைத் தெளித்ததும் மண்டி அடியில் படிந்தது. துணியால் வடித்துப் பேணிகளில் ஊற்றி, ஆளுக்கொரு பனங்கட்டித் துண்டும் தந்தாள்.

“எப்பிடி?” என்று தம்பியைக் கேட்டாள்.

அவர் ஒரு மிடறு குடித்து, கடலைப் பார்த்தார். பொய் சொல்வதற்கு அவருக்கு நேரம் இருந்தது.

“கருகிப்போச்சக்கா.”

நான் பதறினேன். காய்ச்சலுக்குப் பிறகு எங்கள் வீட்டில் எவரும் அவளுக்குச் சொல்லாத சொல் அது. என்ன வறுத்தாலும், என்ன ஆக்கினாலும் “நல்லாயிருக்கு” என்றே நான் சொல்லிவந்திருக்கிறேன். அது அவளைக் காப்பாற்றும் என்று நம்பினேன்.

அவளோ தன் பேணியிலிருந்து ஒரு வாய் குடித்து, நாக்கில் வைத்திருந்து, மெல்ல விழுங்கினாள்.

“ஓம், கைக்குது,” என்றாள். குரலில் பழைய அதிகாரம் இருந்தது. “கொட்டை வெடிக்கிற சத்தம் அடங்கமுன்னம் இறக்கியிருக்கோணும். உங்கடை கதையைக் கேட்டு நிண்டுட்டன். பையிக்குள்ளை இன்னும் கொட்டை கிடக்கு, எடடா. எல்லாரும் வாயை மூடிக்கொண்டு இருங்கோ. எனக்குச் சத்தம் கேக்கோணும்.”

நாங்கள் புகையை விட்டு விலகி, மணலில் அமர்ந்து வாயை மூடிக்கொண்டோம். கருகிய கோப்பியை நான் ஒரு சொட்டும் விடாமல் குடித்தேன். வெயில் இன்னும் மணலைத் தொடவில்லை. தாச்சிக்கு மேலாக அவள் காதைச் சாய்த்துக் காத்திருந்தாள்.