கண்ணாடியைக் கழற்றியவர்

பாபநாசம் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், தாடியும் தலையில் சின்னக் குல்லாவுமாக ஒரு யூதப் பயணி. டிவியில் குத்தாட்டம் தொடங்கியதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

"எங்கள் மதத்தில் கண்டதையும் பார்க்கக் கூடாது" என்றார் ஆங்கிலத்தில். "வேறு வழி இருந்தால் இந்தப் பக்கமே வந்திருக்கக் கூடாது. ஆனால் வேறு பஸ் இல்லையாமே. கண்ணாடியைக் கழற்றினால் எனக்கு எல்லாமே பனிமூட்டம்தான். பாட்டு முடிந்ததும் சொல்லுங்கள்."

அவருடைய புண்ணியத்துக்காக நான் கண்கொட்டாமல் பார்க்க வேண்டியதாயிற்று. முடிந்ததும் சொன்னேன், மாட்டிக்கொண்டார். அடுத்த பாட்டு வந்தது, கழற்றினார். என் பொறுப்பும் கூடிக்கொண்டே போனது.

முன் சீட்டிலிருந்த என் மனைவி திரும்பினாள். "வாயப் பொளந்துக்கிட்டு என்னத்தப் பாக்கிய?"

"இவருக்காகத்தான் பாக்கேன்" என்றேன்.

"அவரு முக்கூடல்லயே எறங்கிப் போயாச்சு" என்றாள்.