கழற்றிக் கொடுத்த இரண்டு பட்டைகள்

விஜிதரன் எந்த வண்டியில் கைவைத்தாலும், ஆணிகளைக் கழற்றிய ஒழுங்கிலேயே சாக்கின்மேல் அடுக்குவான். சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பதினேழு வருடமாகச் சித்தாண்டியில் கராஜ் வேலை. அவன் பூட்டிய வண்டியில் ஓர் ஆணிகூட மிஞ்சியதில்லை என்று அவனுடைய அக்கா சுலோஜனா யாரிடமும் சொல்வாள்.

சுலோஜனாவுக்குத் தயிர் வியாபாரம். மேற்கே மாட்டுப்பட்டிகளில் எருமைத் தயிர்ச் சட்டிகளை எடுத்து, வயல் வட்டை நடுவே குண்டும் குழியுமான கிறவல் ரோட்டில் பிக்கப்பில் கொண்டுவந்து, ஏறாவூரில் இஷாமின் கடைக்குக் கொடுப்பாள். பிக்கப் வாங்கிய அந்த மாதம் முழுக்கக் குலுக்கலில் தயிர் உடைந்து தண்ணீர் விட்டது.

"இன்னொரு நாள் இப்பிடி வந்தா நான் வேற ஆளத்தான் பாக்கணும், தங்கச்சி. கோவிக்கப்படாது" என்றார் இஷாம். அறுபது சட்டியையும் எடுக்க வேறு கடை இல்லை.

பின்பக்கம் இன்னும் ஒரு ஸ்பிரிங் பட்டை கூட்டினால் சரிவரும் என்று லொறிக்காரர் எல்லாரும் சொன்னார்கள். அவள் அதையே தம்பியிடம் சொன்னாள்.

அவன் உடனே கழற்றவில்லை. விடியக் கூடவே போய், திரும்பும்போது பின்னால் சட்டிகளுக்கு நடுவே வைக்கோலில் குந்தி, ஒரு சட்டியை மடியில் பிடித்துக்கொண்டு வந்தான். இறங்கியபோது சாரம் முழுக்கத் தயிர்த் தண்ணி.

"என்னடா, உனக்கும் உறை ஊத்தினதா?"

"சிரிங்க. இது நெல்லு ஏத்தின ஆள் வித்த வண்டி, அக்கா. ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டை கூடப் போட்டிருக்கான். பதினைஞ்சு மூட்டை ஏத்தினாத்தான் அது வளையும். உங்கட தயிர் அதுக்கு ஒரு பாரமே இல்ல, அதான் வளையாமத் தூக்கிப் போடுது. குலுக்கத்த அடக்குற ஷொக்கும் எண்ணெய் ஒழுகி முடிஞ்சுது."

அச்சுக்கும் பெட்டிக்கும் இடைவெளியை நாடாவால் அளந்து, சோக்கால் எழுதினான். கூடுதல் பட்டைகளை உருவினான். நான்கு சில்லுக்கும் புது ஷொக் பூட்டினான். மறுபடி அளந்து, புது அளவை எழுதினான். பிறகு பட்டைகள் இரண்டையும் அக்காவின் காலடியில் வைத்தான்.

"கூட்டச் சொன்னா கழட்டித் தாறாய்."

"ஓம். பத்திரமா வைங்க. நெல்லு ஏத்துற காலம் வந்தா திரும்பப் பூட்டலாம். அதுவரைக்கும் பெரிய பாரம் ஏத்த வேணாம்."

தம்பியின் கைமேல் அவளுக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் இரும்பைக் குறைத்தால் எப்படிச் சரிவரும் என்று இரவு முழுக்க யோசித்தாள்.

மறுநாள் மதகடிப் பள்ளத்தில் வழக்கம்போலப் பல்லைக் கடித்தாள். வண்டி ஒருமுறை அமிழ்ந்து எழுந்தது, அவ்வளவுதான். பின்னால் சட்டிகள் முட்டும் சத்தம் இல்லை.

இஷாம் ஒரு சட்டியின் வாயில் கட்டிய கடதாசியை அவிழ்த்துச் சரித்தார். இன்னும் சரித்தார். தயிர் அசையவில்லை.

"ராவோட ராவா ரோட்டுப் போட்டுட்டாங்களா?"

"எங்கட தம்பிதான் போட்டவன், இஷாம் நானா."

"அப்ப நாளைக்குப் பத்துச் சட்டி கூடக் கொண்டு வாங்க."

ஒரு சட்டியை மட்டும் அவள் விற்கவில்லை. தயிரில் ஊற்றப் பாணிப் போத்தலும் கரண்டியும் வாங்கிக்கொண்டு நேரே கராஜுக்குப் போனாள். தம்பி சட்டியைப் பார்க்கவில்லை. நாடாவோடு வண்டிக்கு அடியில் நுழைந்தான். நேற்று எழுதிய அளவிலிருந்து பெட்டி ஒரு நூல்கூட இறங்கவில்லை.

"கையக் கழுவிட்டு வா" என்று சட்டியின் கடதாசியை அவிழ்த்தாள். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.