பூசையில் வைத்த தோட்டா

எங்கள் வீட்டில் பொய் சொல்லவே கூடாது என்று சட்டம் போட்டவர் மாமி, அப்பாவின் தங்கை. அந்த மாமியே ஒருநாள் ஓர் அரசாங்க அதிகாரியின் முகத்தைப் பார்த்துக் கண் இமைக்காமல் பொய் சொன்னார். அதுவும் எனக்குச் சேர வேண்டிய பெயரைத் தட்டிப் பறித்த பொய். எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த ஆத்திரம் ஆற எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் எடுத்தது.

ஜெர்மனியில், டோர்ட்மண்டிலிருந்து தெற்கே ஒரு மணி நேரம் போனால் காடு தொடங்கும் இடத்தில் எங்கள் ஊர். மாமி எங்களோடுதான் இருந்தார். ஊர் இறைச்சிக் கடையில் வேலை. இலையுதிர் காலம் வந்தால் வேட்டைக்காரர்கள் காட்டுப்பன்றிகளைக் கொண்டுவந்து போடுவார்கள், மாமி உரித்து வெட்டிக் கொடுப்பார். பத்து வருடம் அப்படி வெட்டியபின், சுடுவதையும் நானே சுட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றிவிட்டது. வேட்டைப் பரீட்சையில் முதல்முறை தோற்றார். கடைக்கு வந்தவர்கள் சிரித்தார்கள். இரண்டாம் முறை சித்தியடைந்து அந்தப் பத்திரத்தைக் கடைக் கண்ணாடியில், சிரித்தவர்களின் கண் உயரத்தில், ஒட்டிவைத்தார். கார்த்திகை மாதம் நடக்கும் பெரிய பன்றி வேட்டைக்கு அந்த வருடம்தான் அவருக்கு முதல் அழைப்பு வந்திருந்தது. அழைப்புக் கடிதத்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

தோட்டா வாங்கப் போனபோது என்னையும் கூட்டிப் போனார். கடைக்காரர் மாமியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பெண்கள் பாதுகாப்புக்கென்று ஒரு மிளகு ஸ்ப்ரேயை எடுத்து வைத்தார். மாமி அதை ஒரு விரலால் தள்ளிவிட்டார். தனக்கு வேண்டியது ஒற்றைக்குண்டு என்றார். சின்னச் சின்னச் சன்னங்களுக்குப் பதிலாக ஒரே ஒரு பெரிய குண்டை அடைத்த தோட்டா அது, பன்றிக்கு உரியது. கடைக்காரர் இருப்பதிலேயே பாரமானதைக் காட்டி, எல்லா ஆண்களும் இதைத்தான் வாங்குகிறார்கள் என்றார். மாமிக்கு அது போதும், கோபம் வர.

“ஆம்பிளையளின்ர துவக்கை நான் கொண்டு போகேல்லை எண்டு இவருக்கு விளங்கேல்லை” என்று தமிழில் என்னிடம் சொன்னார். பிறகு ஜெர்மனில் அவரிடம், ஈயக் குண்டில் ஒரு பெட்டி, ஈயமில்லாததில் ஒரு பெட்டி தாருங்கள், இரண்டையும் என் துவக்கில் சுட்டுப் பார்த்து, எது ஒரே இடத்தில் போய் விழுகிறதோ அதை வாங்குகிறேன் என்றார். கடைக்காரர் பிறகு அவரோடு மரியாதையாகத்தான் பேசினார்.

வீட்டுக்கு வந்து இரண்டு பெட்டிகளையும் மேசையில் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா வந்தார். அந்தக் கோடையில் யாரோ எங்கள் முன்ஜன்னலுக்குக் கல்லெறிந்திருந்தார்கள். யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அன்றிலிருந்து அப்பா திரைச்சீலையை மூடியே வைப்பார். மாமி வேண்டுமென்றே சனிக்கிழமைகளில் சீலையை விலக்கி, ஸ்டூலில் ஏறி, தெரு பார்க்க அந்தக் கண்ணாடியைத் துடைப்பார்.

“வீட்டுக்குள்ள ஒருத்தன் பூந்தால் இதில எது நல்லம்?” என்று அப்பா மெல்லக் கேட்டார்.

“வீட்டுக்குள்ள ஒண்டும் நல்லமில்லை, அண்ணை. இது பன்றியின்ர தோள்மூட்டை உடைக்கிற சாமான். எங்கட சுவர் வெறும் மட்டை. சுவருக்கு அங்கால படுக்கிறது உங்கட பிள்ளை.” மாமியின் குரல் உயர்ந்தது. “கல்லெறிஞ்சவனுக்குப் பயந்து நான் துவக்கு வாங்கேல்லை. அது பூட்டின பெட்டிக்குள்ளதான் இருக்கும். திறப்பும் என்னட்டத்தான்.”

அப்பா வாயைத் திறப்பதற்குள் தொலைபேசி அடித்தது. பான் நகரிலிருந்து பெரியம்மா. சைவ வீட்டுப் பெண் பன்றி சுடப் போகிற செய்தி அங்கே எட்டிவிட்டது. “வெட்டேக்கை வராத பாவம் சுடேக்கை மட்டும் வருமோ அக்கா?” என்று கத்திக்கொண்டே மாமி வெளி விறாந்தைக்குப் போனார். அப்பாவும் மெல்ல நழுவினார். மேசையில் இரண்டு பெட்டிகளும் திறந்தபடி கிடந்தன. நானும் கிடந்தேன்.

அன்று சரஸ்வதி பூசை. காலையிலிருந்தே அம்மா, அவரவர் தொழில் சாமானைக் கொண்டுவந்து வையுங்கோ என்று சொல்லிக்கொண்டிருந்தார். படத்தின் முன்னால் என் கணக்குப் புத்தகம், அம்மாவின் கத்தரிக்கோல், அப்பாவின் துளைபோடும் மெஷின் எல்லாம் சந்தனப் பொட்டோடு இருந்தன. மாமியின் சாமான் மட்டும் இல்லை. எனக்கு அது அநியாயமாகப் பட்டது. ஒரு தோட்டாவை எடுத்தேன், சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன், புத்தகத்துக்கும் கத்தரிக்கோலுக்கும் நடுவில் நிறுத்தி, இனி ஒருவரும் கல்லெறியக் கூடாது என்று கும்பிட்டேன். மாமி திரும்பி வந்து, இன்னும் பெரியம்மாவைத் திட்டியபடி, தோட்டாக்களை எண்ணாமல் பெட்டிகளை மூடிக் கொண்டுபோய்ப் பூட்டினார்.

நாலரை மணிக்குக் கதவு மணி அடித்தது. துவக்கை ஒழுங்காகப் பூட்டி வைத்திருக்கிறார்களா என்று பார்க்க, சொல்லாமல் கொள்ளாமல் வருகிற அதிகாரி. அம்மா அவரைச் சப்பாத்தைக் கழற்ற வைத்தார். ஒரு காலுறையில் ஓட்டை. இரும்புப் பெட்டியைப் பார்த்தார், அதைப் பூட்டும் திறப்பைப் பார்த்தார், எல்லாம் திருப்தி என்றார். வெளியே போகிற வழியில்தான் பூசைத் தட்டு.

அவர் நின்றார். குனிந்து பார்த்தார். யார் இதை இங்கே வைத்தது என்று கேட்டார்.

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாயைத் திறந்தேன். அந்தக் கணத்தில் அம்மா ஒரு பிடி சர்க்கரை அவலை என் வாய்க்குள் திணித்தார். எனக்கு முன்னால் வந்து நின்ற மாமி, “நான்தான்” என்றார். நான்தான் வைத்தேன், வைத்ததிலிருந்து நீங்கள் மணி அடிக்கும்வரை இந்த இடத்தை விட்டு அசையவில்லை என்றார்.

இந்த உயரம் குழந்தைக்கு எட்டுமே என்றார் அதிகாரி.

மாமி குரலைத் தாழ்த்தவில்லை. உங்கள் தேவாலயத்தில் வேட்டைக்காரருக்கென்று கொம்பு ஊதிப் பூசை வைக்கிறீர்கள், நாயைக்கூட உள்ளே விடுகிறீர்கள், எங்கள் வீட்டில் இன்றைக்குக் கருவிகளைக் கும்பிடுகிற நாள், எழுதுவதானால் அதையும் சேர்த்து எழுதுங்கள் என்றார். அதிகாரி இரண்டு கிண்ணம் அவல் சாப்பிட்டார். ஒரு பக்கம் நிறைய எழுதிக்கொண்டு போனார்.

அவல் தொண்டைக்குள் இறங்கியதும் நான் வெடித்தேன். “பொய்! அது நான் வைச்சது!” என்று அழுதேன்.

மாமி தோட்டாவின் சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். “என்ர மேசையில கிடந்தது. என்ர பிழை” என்றார்.

பாருங்கள், பிழையைக்கூட எனக்குத் தர அவருக்கு மனம் வரவில்லை.

கார்த்திகையில் அந்தப் பெரிய வேட்டை நாள் வந்தது. காலையிலேயே காட்டுப் பக்கம் கொம்பு ஊதுவது கேட்டது. மாமி முன்னறைச் சோபாவில் குப்புறப் படுத்திருந்தார். இடுப்புக்குப் பின்னால் நாரி நோகிறதாம், போக ஏலாதாம். தைலம் தேய்த்துவிடச் சொன்னார். எனக்கு நல்ல சந்தர்ப்பம். இரண்டு கையாலும், முழங்கையாலும், மனதில் இருந்த கோபம் முழுவதையும் வைத்துத் தேய்த்தேன். தூரத்தில் ஒவ்வொரு வெடி கேட்கும்போதும் மாமி தலையணையைக் கடித்தார். நன்றாக நோகட்டும் என்று நினைத்தேன்.

அடுத்த வருடம் மாமி வேட்டைக்குப் போனார். ஈயமில்லாத குண்டுதான் அவருடைய துவக்குக்குப் பிடித்திருந்தது. முதல் நாளே ஒரு பன்றி. அதோடு நின்று எடுத்த படமும் கடைக் கண்ணாடியில் ஏறியது.

இப்போது நானும் அந்தப் பரீட்சைக்குப் படிக்கிறேன். போன மாதம் ஆயுதச் சட்டத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது, பிள்ளைகளின் கைக்குத் தோட்டா எட்டியது தெரிந்தால் அனுமதி எப்படிப் பறிபோகும் என்று ஒரு பக்கம் இருந்தது. அதை மூன்று தரம் வாசித்தேன். பிறகு அம்மாவிடம் கேட்டேன். அந்தப் பூசைக்கு அடுத்த கிழமை கடிதம் வந்ததும், விசாரணை முடியும்வரை துவக்கை ஒப்படைக்கச் சொன்னதும், மாமி ஒன்றுக்கு மேல் ஒன்றாக மறுப்பு எழுதி, அலுவலகப் படியேறிச் சண்டை பிடித்து, வசந்த காலத்தில் அதைத் திரும்ப வாங்கியதும் அப்போதுதான் எனக்குத் தெரிய வந்தது. அவல் திணிக்காமல் இருந்திருந்தால் அது திரும்பியே வந்திருக்காது.

உடனே மாமிக்குத் தொலைபேசி எடுத்தேன். “மாமி, அண்டைக்கு உங்களுக்கு உண்மையா நாரி நொந்ததோ?”



“இல்லையடி” என்றார் மாமி. “நீ தேய்ச்சாப் பிறகுதான் நொந்தது.”