அக்கா எழுந்து சொன்னது

தண்டலத்தில் ஒரு கல்லூரி அரங்கில் நடந்த பயிற்சியில் ஆளுக்கொரு மஞ்சள் அட்டை கொடுத்தார்கள். வெளிநாட்டு உதவியில் நடந்த சுகாதாரத் திட்டம் எங்களுடையது. ஒரகடம் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களின் விடுதிகளுக்குப் போய் மாலையில் வகுப்பெடுக்க வேண்டும். திட்டம் நடக்கும்போதே எது பலிக்கவில்லை என்று கவனித்து மாற்றிக்கொள்வதற்கான பயிற்சி அது; 'அடாப்டிவ் மேனேஜ்மென்ட்' என்றார்கள். "சரிவராத ஒன்றை எழுதுங்கள். யாரையும் தண்டிக்க மாட்டோம்" என்றார் பயிற்சியாளர். பின்வரிசையில் எங்கள் மேலாளர் கைகட்டி உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்க்கத் துணிவில்லை.

'மழை நாளில் கூட்டம் குறைகிறது' என்று எழுதினேன். உண்மையில் எந்த நாளிலும் யாரும் வந்ததில்லை. ஷிப்ட் முடிந்து வரும் பெண்கள் சாப்பிட்டதும் படுத்துவிடுவார்கள். பதிவேட்டில் அவர்களுடைய கையெழுத்துகளை நானே போட்டு வந்தேன்.

பக்கத்தில் என்னோடு களப்பணி செய்த அக்கா. பிள்ளைப்பாக்கத்துக்காரர், தனியாளாக இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அட்டையை எட்டிப் படித்தேன்; கையெழுத்து விஷயத்தையே எழுதியிருந்தார்.

"இன்னாக்கா இது, கிழிச்சிப் போடுக்கா" என்று கிசுகிசுத்தேன்.

"சொல்லாம எப்படி மாத்துவாங்க?" என்றவர் எழுந்தே விட்டார். "கிளாஸுக்கு யாரும் வர்றதில்ல சார். கையெழுத்து நாந்தான் போட்டேன். அந்தப் பொண்ணுங்க முழிச்சிக்கினு இருக்கிறது வேலைக்குப் போற கம்பெனி பஸ்லதான். அங்க சொல்லித் தரலாம்."

பயிற்சியாளர் அந்த அட்டையைச் சுவரின் நடுவில் ஒட்டிப் பாராட்டினார். மேலாளர் வெளியே போய்விட்டார். மதியச் சாப்பாட்டு வரிசையில் அக்காவை விட்டுத் தள்ளியே நின்றேன். 'இவளும்தான்' என்று அக்கா ஒரு வார்த்தை சொன்னால் போதும். கடைசிவரை அவர் சொல்லவில்லை.

சில வாரங்களில் வகுப்புகள் பஸ்ஸுக்கு மாறின. அக்காவை மட்டும் வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பொய்க் கையெழுத்து காரணமாம். நான் வாய் திறக்கவில்லை. இன்று அதே பயிற்சியை நடத்துவது நான். 'தண்டிக்க மாட்டோம்' என்ற இடத்தை வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறேன்.

போன வாரம் ஒரகடம் பஸ் நிறுத்தத்தில் தொழிற்சாலைச் சீருடையில் அவரைப் பார்த்தேன். "எங்க பஸ்ல உங்க ஆபீஸ் பொண்ணு கிளாஸ் எடுக்குது. நல்லாத்தான் சொல்லுது" என்று சிரித்தார்.

இத்தனை நாள் அடக்கியிருந்தது வெளியே வந்துவிட்டது. "நானும்தாங்க்கா கையெழுத்து போட்டேன்."

"தெரியும்மா. உன் ரெஜிஸ்டர்ல எல்லாக் கையெழுத்தும் ஒரே பக்கமா சாஞ்சிக்கினு இருக்கும்" என்றபடி, வந்து நின்ற கம்பெனி பஸ்ஸின் படியில் கால் வைத்தார். "அதுக்காக ரெண்டு பேர் வேலையும் போவணுமா இன்னா?"