சீட்டில் இல்லாத கால்குலேட்டர்

"உங்க ராக்கெட் எப்படி இருக்குது அங்கிள்?"

போன வாரம் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் குடிபாலா பஸ்சுக்காக நின்றுகொண்டிருந்தேன். பின்னாலிருந்து இப்படி ஒரு குரல். திரும்பினால், கையில் சூட்கேசோடு ஒரு பெண். சிரிக்கிறாள். நமக்குத்தான் பழக்கமில்லாத பெண்களிடம் பேச்சு வராதே... என் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நான் சுகுணா அங்கிள். விமலாவோட ரூம்மேட்டு. திருப்பதி பாலிடெக்னிக் ஹாஸ்டல்ல ஒண்ணா இருந்தோமே!"

விமலா என் மகள். சரி, அது என்ன ராக்கெட்?

"அதான் அங்கிள், பரீட்சைக்கு மொத நாள் ஒரு கால்குலேட்டர் வாங்கிக்கினு வந்தீங்களே! எம்மாம் பட்டன்! ஹாஸ்டல்ல நாங்க அதுக்கு ராக்கெட்டுன்னு பேர் வச்சோம். பாவம், அத ஹாலுக்குள்ள விடவே இல்லியே..."

விடவில்லையா?

என் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "அய்யய்யோ... விமலா உங்ககிட்ட சொல்லலியா?"

குடிபாலா பஸ் வந்தது. போயும்விட்டது. நான் ஏறவில்லை.

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும் — நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிழைப்பு, அச்சாபீசில் எழுத்துக் கோக்கும் வேலை. கணக்குப் பரீட்சைக் கேள்வித்தாள்கள் நிறையக் கோத்திருக்கிறேன். சைன், காஸ், டேன், லாக், ரூட், பை... ஒவ்வொன்றும் எழுத்துப் பெட்டியின் எந்தக் குழியில் கிடக்கிறது என்று தெரியும், இருட்டிலும் எடுப்பேன். அர்த்தம்? ஒன்றுக்கும் தெரியாது.

ஏழு வருஷத்துக்கு முன்னால், விமலா பாலிடெக்னிக் முதல் வருஷம். அதுவரை சுகுணாவின் கால்குலேட்டரையே இருவரும் மாற்றி மாற்றி உபயோகித்திருக்கிறார்கள். பரீட்சையில் அது நடக்காது. ஆளுக்கு ஒன்று வேண்டும். விமலா கடிதம் போட்டாள். கூடவே ஒரு சீட்டு. அதில் அவளுடைய கணக்கு லெக்சரர் கைப்பட எழுதிய மாடல் நம்பர்.

‘நைனா, இதே நம்பர் பார்த்து வாங்கவும். வேறு வேண்டாம்.’

இதைவிடத் தெளிவாக ஒரு பிள்ளை எப்படி எழுதும்?

திருப்பதியில் ஜப்பான் வாட்ச், ரேடியோ விற்கிற கடை ஒன்றுக்குப் போனேன். சீட்டை நீட்டினேன். கடைக்காரர் அதே நம்பரை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தார். பார்த்தேன். சைன் இருந்தது, காஸ் இருந்தது, லாக் இருந்தது. வாங்கிக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டியதுதானே?

பக்கத்தில் இன்னொன்று இருந்தது. அதில் பட்டன்கள் இரண்டு பங்கு. நான் அதுவரை கோக்காத குறிகள் எல்லாம் இருந்தன.

எழுத்துக் கோக்கிறவனுக்கு ஒரே பயம்தான் — பாதி வேலையில் எழுத்து தீர்ந்துவிடக் கூடாது. ஒரே ஒரு குறி இல்லாவிட்டாலும் முழுப் பக்கமும் நின்றுபோகும். பரீட்சை ஹாலில் என் மகளுக்கு ஒரு குறி இல்லாமல் போய்விட்டால்? இரண்டிலும் பட்டன்களை எண்ணினேன். எது அதிகமோ அதை எடுத்தேன்.

"இதி பெத்த மாடல் அண்ணா," என்றார் கடைக்காரர். "இன்ஜினீர்லு வாடுதாரு. புரோகிராம் கூட போடலாம்."

பெரிய மாடல்! இன்ஜினீயர்கள் உபயோகிப்பது! புரோகிராம் என்றால் என்ன என்று கேட்க வெட்கம். தலையாட்டினேன். பாலிடெக்னிக் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். போய் அந்த லெக்சரரிடம், ‘சார், இது பரவாயில்லையா?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். படித்தவர் முன்னால் போய் நின்று எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது... அந்த யோசனையிலேயே ஹாஸ்டல் கேட்டுக்கு வந்துவிட்டேன்.

விமலா ஓடி வந்தாள். பெட்டியைத் திறந்தாள்.

"நைனா... சீட்டுல எழுதியிருந்தது இல்லியா அங்க?"

"இருந்திச்சு. இது அதுக்கும் மேல!"

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கடை இன்னும் தொறந்திருக்குமா நைனா?"

"ஏம்மா? கவர் வேணுமா? உள்ளயே வச்சிருக்கான் பாரு."

என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். "ரொம்ப நல்லா இருக்குது நைனா. நீ துன்னியா? பஸ்சுக்கு முன்னாடி எதுனா துன்னுட்டுப் போ."

கடை திறந்திருக்குமா என்று எதற்குக் கேட்டாள்? ஏழு வருஷம் கழித்து, பஸ் ஸ்டாண்டில் சுகுணா சொன்னபோதுதான் புரிந்தது. புரோகிராம் போடுகிற மெஷினைப் பரீட்சைக்கு அனுமதிப்பதில்லை. வகுப்பிலேயே சொல்லியிருந்தார்களாம். ஒருவேளை விட்டுவிடுவார்கள் என்று விமலா கொண்டுபோயிருக்கிறாள். வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். பெரிய பெரிய பெருக்கல்களை எல்லாம் கையால் போட்டிருக்கிறாள். கடைசி மூன்று கணக்கைத் தொட நேரமில்லை.

கணக்கில் பெயில்.

ரிசல்ட் வந்த அன்று நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவ்ளோ பெரிய மெஷின் வாங்கிக் குடுத்தும் பெயிலா?"

வாய் திறந்து பேசாதவன் என்று ஊரில் பெயர். வீட்டில் மட்டும் எப்படி வருகிறது பாருங்கள்.

அப்போதாவது அவள் சொல்லியிருக்கலாம். "பேப்பர் கஷ்டம் நைனா" என்றாள். அவ்வளவுதான். அடுத்த தடவை எழுதிப் பாஸ் செய்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு பரீட்சைக்கும் ஒரு சீனியர் பெண்ணிடம் இரவல் வாங்கி எழுதியிருக்கிறாள். நானோ, அவள் லீவு முடிந்து ஹாஸ்டலுக்குக் கிளம்பும் போதெல்லாம் ராக்கெட்டுக்குப் புது பாட்டரி போட்டு, துடைத்து, பையில் வைத்து அனுப்பினேன். நான் துடைத்து அனுப்பியதை விட்டுப் போக மனமில்லாமல், பரீட்சை அன்று அதையும் எடுத்துப்போய் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு உள்ளே போவாளாம்!

கடைசி வருஷம் பெங்களூரிலிருந்து ஒரு பாக்டரிக்கு ஆள் எடுக்க வந்தார்கள். எல்லாப் பேப்பரும் முதல் தடவையிலேயே பாஸ் செய்தவர்களுக்கு மட்டும்தான் இன்டர்வியூ. சுகுணா போனாள். இன்றும் அங்கேதான் வேலை. லீவில் ஊருக்கு வந்திருக்கிறாள். அந்த சூட்கேஸ் அதற்குத்தான்.

"அந்த ஒரு பேப்பர் இல்லன்னா விமலாதான் அங்கிள் எங்க செட்டுல மொதல்ல செலக்ட் ஆயிருப்பா," என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள்.

விமலா இப்போது குப்பம் டவுனில் இருக்கிறாள். கல்யாணமாகி அங்கே போனவள், வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறாள். மறுநாள் முதல் பஸ்சில் குப்பம் போனேன். டியூஷன் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"சுகுணாவப் பாத்தேன்மா."

பேனா நின்றது. "உளறிட்டாளா?"

"ஏம்மா எங்கிட்ட சொல்லல? அன்னிக்கே சொல்லியிருந்தா ஓடிப்போயி மாத்திக்கினு வந்திருப்பனே!"

விமலா சிரித்தாள். ஹாஸ்டல் கேட்டில் சிரித்த அதே சிரிப்பு.

"நீயா நைனா? கடைக்காரன்கிட்ட போயி, ‘இது வேணாம், மாத்திக் குடு’ன்னு கேட்டிருப்பியா? கேக்க வெக்கப்பட்டுக்கினு கடை வாசல்லயே அந்தண்ட இந்தண்ட நடந்துக்கினு இருந்திருப்ப. கடைசி பஸ்சும் போயிருக்கும். அத நெனச்சிதான் சொல்லல."

உண்மைதானே!

‘பெயிலா’ என்று கேட்டதற்காவது மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்றுதான் அவ்வளவு தூரம் போயிருந்தேன். வழியில் பலமநேர் தாண்டும்வரை பஸ்சிலேயே மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டும் போனேன். நோட்டு ஒவ்வொன்றாக முடிந்தது. காபி வந்தது. டம்ளர் காலியானது. "பஸ்சுக்கு நேரமாச்சும்மா" என்று எழுந்துவிட்டேன்.

கூச்ச சுபாவம், யாருக்கும் ஒரு தொந்தரவும் கிடையாது — என்னைப் பற்றி எல்லாரும் இப்படித்தான் சொல்கிறார்கள்.

என் மகளைக் கேட்டுப் பாருங்கள்... என்னால் பட்டதை அவளும் சொல்ல மாட்டாள்.