டேங்கர் வீட்டம்மா

லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தெரு வைத்த பெயர் டேங்கர். முட்ட முட்டக் குடித்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர், குடியை விட்ட பிறகும் உதிரவில்லை. மூன்று வருஷம் நாலு மாதம் அவர் ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. ‘டேங்கர் இப்போ காலி’ என்று சிரித்தார்களே தவிர, பெயரை மாற்ற யாருக்கும் மனசு வரவில்லை. அந்தப் பெயரில் பாதி அவர் மனைவிக்கும் வந்து சேர்ந்தது. சட்டைக் கம்பெனியில் பொத்தானுக்குக் காஜா எடுப்பவள் அவள். கண்ணைக் கட்டிவிட்டாலும் இவள் கை பிசகாது என்று சூப்பர்வைசரே சொல்வார். ஆனால் தெருவுக்கு அவள் டேங்கர் வீட்டம்மாதான்.

அவரைக் குடியை விடச் சொல்லி யாரும் திருத்திவிடவில்லை. ஒருநாள் லிஃப்ட் கூண்டின் மேல் நின்று வேலை பார்க்கும்போது கை நடுங்கி, ஸ்பேனர் நழுவி ஆறு மாடி கீழே போய் விழுந்தது. நல்லவேளை, கீழே ஆள் இல்லை. அன்றைக்கே வீட்டுக்கு வந்து, “என்னை எங்கேயாவது கொண்டு போய்ச் சேர்த்துடு” என்றார். குடியை நிறுத்தும் வார்டு மனநல ஆஸ்பத்திரிக்குள் இருந்தது. அவள் தெருவில் ‘வெளியூர் வேலை’ என்று சொல்லி வைத்தாள். முப்பது நாள். பார்க்க ஒரு ஈ காக்கை வரவில்லை. விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவளுடைய அண்ணன். அவர் போன் செய்தது இதற்குத்தான்: “அந்த ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர்னு தெரிஞ்சா நாளைக்கு என் பொண்ணை எவன் கட்டுவான்? கொஞ்ச நாளைக்கு ரெண்டு பேரும் இந்தப் பக்கம் வராதீங்கம்மா.” கொஞ்ச நாள் என்பது மூன்று வருஷமாயிற்று.

வார்டிலிருந்து கிளம்பும்போது அவர் அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டார். “இனிமே நான் உள்ள வந்ததும் என் வாயை மோந்து பாக்காதே. பாக்கறப்பல்லாம் செத்துப் போறேன்.”

“மாட்டேன்” என்றாள். அதைக் காப்பாற்றவும் செய்தாள், அரைகுறையாக. வாய்ப் பக்கம் போகமாட்டாள். ஆனால் துவைக்கப் போடுமுன் சட்டையை ஒரு தரம் முகர்ந்துவிட்டுத்தான் போடுவாள். கன்ட்ரோல் பெட்டியைத் துடைக்கிற ஸ்பிரிட் வாடைதான் அடிக்கும். அது வேலை வாடை என்று தெரிந்தும் மறுபடி ஒரு தரம் முகர்ந்து பார்ப்பாள். அவள் முகர்வது அவருக்கும் தெரியும். தெரியாதவர் போல இருந்துகொண்டார், பாவம்.

அன்று பகல் பதினோரு மணி. அவளுக்கு ஷிப்ட் பன்னிரண்டிலிருந்து. கிளம்பிக்கொண்டிருந்தபோது வாசலில் ஆட்டோ நின்றது. அவர் வேலை பார்த்த கட்டடத்து வாட்ச்மேனும் ஆட்டோக்காரரும் அவரை ஆளுக்கொரு தோளாகத் தாங்கி இறக்கினார்கள். கால் பின்னியது. நாக்கு குழறியது. எதிர்வீட்டு அக்கா துணி உலர்த்துவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

வாட்ச்மேன் கூச்சத்தோடு சொன்னார். “அண்ணன் பழையபடி ஆரம்பிச்சுட்டாரு போலக்கா. நாலு பேர் பாக்கறதுக்குள்ள கூட்டிட்டு வந்துட்டேன்.”

அவர் சட்டையில் ஸ்பிரிட் வாடை குப்பென்று அடித்தது. அவளுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. மூன்று வருஷம் மண்ணாய்ப் போயிற்று என்றுதான் நினைத்தாள். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்த ஆத்திரத்திலும் கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. பதினோரு வருஷம் செய்து பழகிய வேலை அல்லவா? ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். முதுகுக்குத் தலையணையை அண்டை கொடுத்தாள். தலைமாட்டில் வாளி, எட்டும் தூரத்தில் தண்ணீர் பாட்டில். உளறல் தெருவுக்குக் கேட்காமலிருக்க ஜன்னலைச் சாத்தி ரேடியோவைப் போட்டாள்.

அவர் இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். என்னவோ சொல்லப் பார்த்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. போதையில் இப்படிக் கோணல் வாய் போடுவது அவள் பார்க்காததா?

“பேசாதீங்க. கேட்டுக் கேட்டுச் சலிச்சுப் போச்சு. தெருவே வேடிக்கை பாக்குது” என்றாள். அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். வலது கை பிடிக்கவே வரவில்லை என்பதை அவள் கவனிக்கவில்லை. வெளியே வந்து பூட்டைப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அன்று அவள் மூன்று சட்டைகளில் காஜாவைக் கோணலாக எடுத்தாள்.

ஆறரைக்குத் திரும்பிக் கதவைத் திறந்தபோது அவர் போட்டது போட்டபடி கிடந்தார். வாளி காலி. தண்ணீர் பாட்டில் தொடப்படவில்லை. படுக்கை நனைந்திருந்தது. கண் மட்டும் திறந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. இந்நேரத்துக்குப் போதை தெளிந்திருக்க வேண்டுமே என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. குனிந்தாள். மூன்று வருஷமாகச் செய்யாததைச் செய்தாள், அவர் வாயை மோந்து பார்த்தாள். காய்ந்த வயிற்றின் வாடை. வேறு ஒன்றுமே இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா, “எப்ப ஆரம்பிச்சது?” என்று கேட்டார்.

“பதினோரு மணிக்கு.”

“காலையிலயா?” டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “மூளைக்குப் போற ரத்தம் அடைச்சிருக்கும்மா. நாலரை மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா ஊசி போட்டுப் பாத்திருக்கலாம். வீட்ல யாரும் இல்லையா?”

“நான் இருந்தேன்” என்றாள்.

மூன்று வாரம் கழித்து அவரை வீட்டுக்குக் கூட்டி வந்தாள். வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. சொல்வதெல்லாம் புரியும் என்றார்கள். ஏதாவது கேட்டால் தலையை மெல்ல அசைப்பார்.

இப்போது பார்க்க வந்தார்கள், கூட்டம் கூட்டமாக. பக்கவாதம் மரியாதையான வியாதி. அண்ணன் குடும்பத்தோடு வந்து கட்டிலில் உட்கார்ந்து ‘மாப்பிள்ளை, மாப்பிள்ளை’ என்று உருகினார். மேஜை கொள்ளாத பழம். இதில் ஒரு ஆரஞ்சு அந்த முப்பது நாளில் வந்திருந்தால் என்று நினைத்தபடி அவள் எல்லோருக்கும் டீ போட்டாள்.

எதிர்வீட்டு அக்கா எல்லோரும் போன பிறகு வந்தாள். “இனிமேலாவது அந்தச் சனியனைத் தொடாம இருந்தா சரி” என்றாள்.

டேங்கர் வீட்டம்மா தம்ளரைக் கீழே வைத்தாள். “அன்னைக்கு அவர் குடிக்கலைக்கா. ஒரு சொட்டுகூட இல்லைன்னு ரத்தத்தைச் சோதிச்சே சொல்லிட்டாங்க. நான்தான் குடிச்சிருக்காருன்னு நினைச்சு, உள்ள வச்சுப் பூட்டிட்டு வேலைக்குப் போனேன்.”

இதை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அக்கா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“மனசைப் போட்டுக் குழப்பிக்காதே தங்கச்சி. உன்மேல என்ன தப்பு? இவரை அந்தக் கோலத்துல பாத்தா யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைச்சிருப்போம்.”

நல்ல மனசோடு, ஆறுதலுக்காகச் சொன்னதுதான். அவள் சட்டென்று கட்டில் பக்கம் திரும்பினாள். அவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். அக்கா சொன்னதை முழுக்கக் கேட்டவர், ஆமாம் என்பதுபோல் தலையை மெல்ல அசைத்தார்.